பெருமாள் வேட்டைக்குப் போன ஜீப்

பன்னியும் சுடலை, மானும் சுடலை. ஜெகநாதன் கையில் துப்பாக்கியே இருந்ததில்லை, அப்புறம் எங்கேயிருந்து சுடுவான்? “ஜீப்புல கொக்கி இருந்துச்சே யக்கா, துப்பாக்கி மாட்டுற கொக்கி, என் ரெண்டு கண்ணால பார்த்தேனே” என்கிறாள் எதிர்வீட்டு ரங்கம்மாள். கொக்கி இருந்தது வாஸ்தவம்தான். உன் வீட்டுக் கூடத்தில்கூடத் தூளி மாட்டுகிற கொக்கி இருக்கு ரங்கம்மா, அதுக்காக வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெத்துகினா இருக்கே?

காட்டிலாகாவுக்குப் பயந்து ஓடிட்டான் என்று ஒருத்தி. பெண்டாட்டியோடு சண்டை என்று ஒருத்தி. இன்னொருத்திக்கு எதுவும் தெரியாது, ஆனால் அவள்தான் ரொம்ப நேரம் பேசுகிறாள். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி காவ்யா எழுதிகினு இருக்கா. எனக்கு எழுத்து தெரியாது. எது நடந்தது, எது நடக்கலை என்று தெரியும். எங்கள் தெருவில் எழுத்து தெரிந்த நிறைய பேருக்கு அது தெரியலை.

ஜெகநாதன் என் வீட்டுக்காரரோட தம்பி. எனக்குக் கொழுந்தன். ஆரணியில் எங்கள் தெருவில் எல்லார் மாதிரியும் பட்டுத் தறியில் உட்கார்ந்தவன். பெண்டாட்டி லீலா. இப்போது ரெண்டு பேரும் தெள்ளாரில் சௌக்கியமாக இருக்காங்க, பொங்கலுக்கு வந்து போறாங்க. ஓடிப்போனவன் பொங்கலுக்கு வருவானா? வந்தவனிடம் “எப்போப்பா வந்தே” என்று கேட்டுவிட்டு, அவன் திரும்பியதும் “ஓடிப்போனவன் வந்திருக்கான்” என்கிறது எங்கள் தெரு.

விஷயம் எங்கே ஆரம்பித்தது என்றால் சேற்றில்தான்.

எங்கள் தெருப் பெருமாள் கோயிலில் காணும் பொங்கல் அன்றைக்குப் பார்வேட்டை. பெருமாள் மரக்குதிரைமேல் உட்கார்ந்து, வில் அம்பு வெச்சிகினு, ஊருக்கு மேற்கே ஏரி மதகைத் தாண்டி இருக்கிற கல் மண்டபம் வரைக்கும் வேட்டைக்குப் போவார். அங்கே பட்டர் மூணு அம்பு விடுவார். எதுவும் விழாது. அந்தப் பெருமாள் இத்தனை தலைமுறையாக வேட்டைக்குப் போய் ஒரு எலியைக்கூட அடித்ததில்லை. பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துடுவார். வழி பூரா கழனி. கார்த்திகை மழை நின்று ஒரு மாசம் ஆனாலும் அந்த வழியில் சேறு காயாது. தை மாசப் பனி வேறு, விடியக்காலையில் பக்கத்தில் நிற்கிறவன் மூஞ்சி தெரியாது.

குதிரையைத் தூக்க ரெண்டு நீளத் தண்டு, எட்டுத் தோள். முன் தண்டில் இடது பக்கம் ஜெகநாதன் நிற்பான். அவன் அப்பா நின்ற இடம், அவர் அப்பா நின்ற இடம். தறி இல்லாத நாளில்கூட அந்த இடது தோளைத் தேய்த்துக் குளிப்பான், ஏதோ வெள்ளிப் பாத்திரம் மாதிரி.

தொண்ணூத்தேழாம் வருஷம் தையில் மதகுக்கிட்ட அவன் கால் வழுக்கிச்சு. அவன் சரிந்தான், தண்டு சரிந்தது, குதிரை சரிந்தது, பெருமாள் சேற்றில் குப்புற விழுந்தார். யாருக்கும் அடி இல்லை. பெருமாளுக்கும் இல்லை. தர்மகர்த்தா பொன்னுசாமிக்கு மட்டும் வேட்டியில் சேறு பட்டுச்சு. ஊரில் அதைத்தான் பெரிய அபசகுனமாகச் சொன்னாங்க.

“தறி மிதிக்கிற காலு, தரையில எப்புடி நிக்கும்?” என்று சொன்னாங்க. சொன்னவங்க எல்லாரும் தறி மிதிக்கிறவங்க.

அடுத்த வருஷம் தூக்க ஆள் வரலை. பாதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயாச்சு, மீதிப் பேருக்கு முழங்கால் வலி. பெருமாள் தெருவை மட்டும் ஒரு சுற்று சுற்றிட்டு உள்ளே போனார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. ஜெகநாதன் தண்டுக்குக் கீழே போய் நின்றான். பொன்னுசாமி கையைக் காட்டி ஒதுக்கிட்டார்.

“மாமா, நான் இன்னா பண்ணணும்?” என்றான்.

“பெருமாள் திரும்ப வேட்டைக்குப் போவட்டும்டா. சேத்துல சாயாம போய் வரட்டும். அதுக்கு ஒரு வழி பண்ணு. அப்பால தண்டைப் பத்திப் பேசலாம்.”

அவர் தட்டிக் கழிக்கத்தான் சொன்னார். இவன் அதை வாக்கு என்று எடுத்துகினான். அவனுக்கு வேண்டியது அந்த இடது பக்கத் தண்டு. வண்டி மேல் ஆசைப்பட்டு வாங்கினான் என்கிறவங்க இதைக் காது குடுத்துக் கேளுங்க.

சேற்றில் போகிற வண்டி தேட ஆரம்பிச்சான். அவனுக்குத் தெரிந்த வண்டி சைக்கிள் ஒண்ணுதான். ஆனால் பட்டு பார்க்கத் தெரியும். புடவையை முன்பக்கம் பார்த்து வாங்கறவன் ஏமாளி, திருப்பிப் பின்பக்கம் பார்த்தால்தானே நெசவு தெரியும்? எந்த வண்டியைக் கண்டாலும் இவன் முதலில் தரையில் மல்லாக்கப் படுத்து அடியில் பூந்துடுவான். டாக்சி ஸ்டாண்டில் ஒருத்தன், யாரோ அடிபட்டுட்டான் என்று தலையில் அடிச்சிகினு ஓடி வந்தான்.

டிராக்டர் பார்த்தான். பொன்னுசாமி, “பெருமாள் இன்னா நெல்லு மூட்டையா?” என்றார். கறிகாய் வேன் பார்த்தான். “வெங்காய வாசனை வருது.” வாடகைக் கார் பார்த்தான். குதிரையோட காது கூரையில் இடிக்கும். “நாலு சக்கரமும் சுத்துதே, அப்புறம் ஏன்யா சேத்துல மாட்டுது?” என்று ஒரு டிரைவரைக் கேட்டான்.

“சுத்தறது நாலும்தான். ஆனா இழுக்கறது ரெண்டுதான். மத்த ரெண்டும் சும்மா கூட வரும்.”

“எங்க கோயில் கமிட்டி மாதிரி” என்றான் ஜெகநாதன். இது பொன்னுசாமி காதுக்கு ஜல்தியாகப் போய்ச் சேர்ந்தது. நல்லது சொன்னால் அந்தக் காது கேட்காது.

நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பு சந்தவாசலில் கிடைக்கும் என்று யாரோ சொன்னாங்க. சடையன் என்று ஒருத்தர், மிலிட்டரியில் டிரைவராக இருந்து ரிட்டயரானவர், வடக்கே மிலிட்டரிக்காரங்க கழிச்சுப் போடுகிற ஜீப்புங்களை ஏலத்தில் எடுத்து விற்கிறவர். “நீயும் வா அண்ணி, நான் பேசினா ஏமாத்திடுவாங்க” என்றான். பஸ் ஏறிப் போனோம். சடையன் மீசை இன்னும் மிலிட்டரியிலேயே இருந்தது.

“இன்னா வேலைக்கு வண்டி?” என்றார்.

“மூணு வேலைங்க. சேத்துல போவணும், பனியில போவணும், வேட்டைக்குப் போவணும்.”

“பனின்னா, எவ்ளோ இருக்கும்?”

“ரொம்பங்க. காலு வெச்சா முழங்கால் வரைக்கும் நனைஞ்சிடும். எதிர ஆள் தெரியாது.”

“அந்த மாதிரி எடத்துக்கு எதுக்கு சார் போறீங்க?”

“நாங்களா போறோம்? பெருமாள் போறாரு. வண்டியே அவருக்குத்தான்.”

“ஓ, முதலாளியா.” அவர் தலையை ஆட்டினார். பட்டு முதலாளிங்களுக்கு வடக்கே ஆயிரம் வியாபாரம் இருக்கும் என்று நினைச்சிகினார் போல. “ஆளு எப்புடி, கனமா?”

“எட்டுப் பேரு தூக்கணும்ங்க.”

“தூக்கணுமா! நடக்க மாட்டாரா?”

“அவரு எப்போ நடந்தாரு? எங்க தாத்தா காலத்துலேர்ந்து தூக்கிகினுதான் போறோம்.”

சடையன் மீசையைத் தடவினார். “வேட்டைக்கு இன்னா துப்பாக்கி?”

“துப்பாக்கி எதுக்குங்க? வில்லு அம்புதான்.”

“கூட யாரு வருவா?”

“சில வருஷம் தனியா வருவாரு. சில வருஷம் ரெண்டு சம்சாரமும் கூட வருவாங்க.”

“ரெண்டு பேருமா? ஒரே வண்டியிலயா?”

“சண்டையே கிடையாதுங்க.”

“பெரிய மனுஷன்தான்” என்று சடையன் பெருமூச்சு விட்டார். “சார், அவருக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு வண்டி காஷ்மீர்ல நிக்குது. ஒரு மாசம் குடுங்க.”

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுகினு இருந்த எனக்கும் அந்தப் பேச்சில் ஒரு தப்பும் தெரியலை. அவன் கேட்டதுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடிதானே சொன்னான்?

ஒரு தறியை விற்றான். லீலா ஒரு வார்த்தை சொல்லலை. “அந்தத் தோளுக்கு ஏதாவது ஒரு வழி ஆனா சரி. ராத்திரியெல்லாம் தலகாணியைத் தூக்கித் தோள்மேல வெச்சிகினு தூங்கறாரு” என்றாள் என்னிடம்.

மார்கழி முதல் வாரம் சடையனே ஜீப்பை ஓட்டிகினு வந்தார். தெருவே கூடிச்சு. வண்டி வெள்ளை வெளேர் என்று இருந்தது. பனியில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறதுக்கான வெள்ளையாம். எங்கள் தெருவில் அரை மைல் தூரத்துக்குத் தெரிந்தது. எஞ்சினுக்குக் குளிராமல் இருக்க வண்டி மூக்கில் கம்பளி போர்த்தி இருந்தது. பின்னால் துப்பாக்கிக் கொக்கி, அதைத்தான் ரங்கம்மாள் பார்த்தாள். ஒரு கோணி நிறைய இரும்புச் சங்கிலி.

“சங்கிலி எதுக்கு? பெருமாளைக் கட்டறதுக்கா?” என்று பொன்னுசாமி பதறினார்.

“சக்கரத்துல கட்டறதுக்குங்க. பனியில வழுக்காது. இதோ பாருங்க, இந்தக் குமிழைத் திருப்பினா உள்ளே சூடாக் காத்து வரும்.”

லீலா எட்டிப் பார்த்தாள். “இதைப் போயி காஷ்மீர்லேர்ந்து வாங்கியாரணுமா? சித்திரை மாசம் தெருக்கதவைத் திறந்தா சும்மாவே வருமே.”

சடையன் சட்டையை இழுத்துவிட்டுகினார். “முதலாளியைப் பார்த்து ஒரு சல்யூட் வெச்சிட்டுப் போறேன் சார்.”

“வாங்க, நடை திறந்துதான் இருக்கு” என்று ஜெகநாதன் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போனான். நானும் போனேன். உள்ளே நின்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

“பெருமாள் எங்க?”

“எதிர்லதான் இருக்காரு.”

மனுஷன் கன்னத்தில் போட்டுகினார். பட்டர் சடாரி வைத்ததும் தலையை நிமிர்த்திக் கேட்டார், “சார், பனின்னு சொன்னீங்களே... அது காலையில புல்லு மேல இருக்குமே, அந்தப் பனியா?”

“வேற எந்தப் பனிங்க இருக்குது?” என்றான் ஜெகநாதன்.

அவர் நல்லவர். வண்டியைத் திருப்பி எடுத்துகினு போறேன் என்றார். ஜெகநாதன் போய் ஜீப்புக்கு அடியில் படுத்தான். ரொம்ப நேரம் படுத்திருந்தான். வெளியே வந்து, “நாலும் இழுக்குதா?” என்றான்.

“இழுக்கும் சார். மலையையே இழுக்கும்.”

“அப்போ இருக்கட்டும்.”

சடையன் பதினைந்து நாள் தங்கி ஓட்டக் கற்றுக் குடுத்தார். கமிட்டி அந்தப் பதினைந்து நாளும் யோசனை பண்ணியது. மிலிட்டரி வண்டியில் கறி ஏற்றி இருப்பாங்களே என்று ஒரு பேச்சு, மந்திரத் தண்ணி தெளித்துப் புண்ணியாகவாசனம் பண்ணியாச்சு. வெள்ளைக் குதிரைக்கு வெள்ளை ஜீப்பு பொருத்தம்தான் என்று ஒரு பேச்சு. கடைசியில் பொன்னுசாமி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“டிரைவர் முன்னாடி உக்காருவான், பெருமாள் பின்னாடி. அப்போ பெருமாளுக்கு முதுகைக் காட்டிகினு ஓட்டுவானா? இது அடுக்குமா?”

“முன் தண்டு தூக்கறவனும் முதுகைக் காட்டிகினுதானே மாமா போறான்?” என்றான் ஜெகநாதன்.

“அது நிக்கிற முதுகு. இது உக்காந்த முதுகு.”

இதுக்கு மேல் சாஸ்திரம் பேச யாருக்கும் தெரியலை. ஜெகநாதன் ஒரு நாள் பூரா யோசித்தான். மறுநாள் போய், “ரிவர்ஸ்லயே ஓட்டிகினு போறேன் மாமா” என்றான். பெருமாள் பின்பக்கம் வெளியே பார்த்து உட்காருவார், அவர் பார்க்கிற திசைக்கே வண்டி போகும். டிரைவர் அவருக்குப் பின்னால் வந்த மாதிரி ஆயிடும். கமிட்டிக்கு வேறு வழி இல்லை. முதுகும் முதுகும் பார்த்துக்கலாம், தோஷம் இல்லை என்று ஒத்துகினாங்க.

பனி மூடிய காலையில், காய்ந்த ஏரிக்கரை ஓரத்தில், வெள்ளை ஜீப்பு பின்னாலேயே போய்ப் பழகிச்சு. அதைப் பார்த்தவங்கதான் மலைப்பக்கம் மான் வேட்டைக்குப் போறான் என்று கிளப்பிவிட்டாங்க. ஏன்யா, மானைப் பார்த்தால் எவனாவது பின்னாலேயே போவானா?

ரெண்டாயிரம் பொறந்த தை. காணும் பொங்கல். மேளக்காரங்க முன்னே நடக்க, பின்பக்கக் கூரைத் துணியைக் கழற்றின ஜீப்பில் பெருமாள் குதிரைமேல். ஜெகநாதன் தலையை வெளியே நீட்டிக் கழுத்தைத் திருப்பிகினு ஓட்டுகிறான். பொன்னுசாமி முன்னால் நின்று வழி சொல்ல வேண்டியது. சாதாரண வண்டி என்றால் “வா, வா, வரலாம், போதும்” என்று சொல்லலாம். பெருமாளைப் பார்த்து எப்படிச் சொல்வது? “எழுந்தருளணும்... இன்னும் கொஞ்சம் எழுந்தருளணும்... இடது பக்கம் எழுந்தருளணும்... நிக்கணும், நிக்கணும், ஐயோ நிறுத்துடா!” என்று மதகு வரைக்கும் கத்திகினே போனார். அவர் தொண்டை அன்றைக்குத்தான் முதல்தரம் ஊருக்கு உபயோகப்பட்டது.

மதகுக்கிட்ட சேறு. மேளம் நின்னு போச்சு. ஜெகநாதன் இறங்கிச் சங்கிலியை எடுத்து நாலு சக்கரத்திலும் கட்டினான். ஏறி உட்கார்ந்தான். சக்கரம் ஒருதரம் உறுமிச்சு, சேற்றை வாரித் தெருவாசி அத்தனை பேர் மேலும் இறைத்தது, குதிரை ஒரு ஆட்டம் ஆடினது. அதோடு ஜீப்பு ஏறி அக்கரையில் நின்றது. பெருமாள் சாயலை. மாலைகூடக் கலையலை. ஜெகநாதன் மட்டும் வெந்த கிழங்கு மாதிரி இருந்தான். அந்தச் சூட்டுக் காத்தை எப்படி நிறுத்துவது என்று சடையன் சொல்லிக் குடுக்க மறந்துட்டார். பட்டர் மூணு அம்பு விட்டார். வழக்கப்படி எதுவும் விழலை. சனங்க அழுதாங்க. நானும் அழுதேன், அதில் இன்னா வெட்கம்.

திரும்பி வந்தோம். கோயில் வாசலுக்குள் ஜீப்பு நுழையாது. அங்கேயிருந்து சந்நிதி வரைக்கும் தோளில்தான் போகணும், நாப்பது அடி இருக்கும். தண்டைப் பூட்டினாங்க. முழங்கால் வலிக்காரங்க எல்லாருக்கும் அன்றைக்குக் கால் குணமாகி இருந்தது. ஜெகநாதன் இறங்கி, வேர்வையைத் துடைச்சி, துண்டை இடுப்பில் கட்டிகினு, முன் தண்டில் இடது பக்கம் போய் நின்றான்.

பொன்னுசாமி பார்த்தார். “ஜெகநாதா, இன்னாடா இது? வண்டி வழியில நிக்குது பாரு. போய் ஓரமாப் போடு.”

“மாமா, தண்டைப் பத்திப் பேசலாம்னு...”

“தண்டுக்கு ஆளிருக்குப்பா. டிரைவர் வண்டிகிட்ட இருக்கணும். உனக்கு டிரைவர் பங்குன்னு புளியோதரை தனியா எடுத்து வெச்சிருக்கோம், ஜாஸ்தியாவே.”

இவன் தண்டை ஒருதரம் தொட்டான். அப்புறம் போய் ஜீப்பை ஓரமாகப் போட்டான். புளியோதரையை லீலா வாங்கி வந்து மூடி வெச்சா. சாப்பிடலை.

அடுத்த வாரம் கமிட்டி தீர்மானம் போட்டுச்சு: இனிமேல் எல்லா உற்சவத்துக்கும் ஜீப்பு, தோளுக்கு வேலை கிடையாது. கோயில் சுவரில் ஒரு கல் பதித்தாங்க. அதில் பார்வேட்டையை மீட்டவங்க என்று ஒன்பது பேர் பேர் இருக்குன்னு காவ்யா படிச்சுச் சொன்னா. ஒன்பது பேரும் கமிட்டி. ஜெகநாதன் பேர் எங்கே என்று கேட்டேன். “டிரைவர் பேரைக் கல்லுல போடுவாங்களா அண்ணி?” என்று அவனே சொன்னான். சிரிச்சிகினுதான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கலை.

மாசி மாசம் தெள்ளார் பக்கத்திலிருந்து ரெண்டு பெரியவங்க வந்தாங்க. அவங்க ஊர்க் கோயிலுக்கும் ஆள் பஞ்சம், ஜீப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாங்க. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துட்டு ஒருத்தர் உதட்டைப் பிதுக்கினார்.

“நல்ல வண்டிதாம்பா. ஆனா எங்க தெரு சந்து. சைக்கிளே ஒருக்களிச்சுத்தான் போவும். எங்களுக்குத் தோளுதான் வேணும், அது எங்க கிடைக்குது?”

ஜெகநாதன் காபித் தம்ளரைக் கீழே வெச்சான். “எந்தப் பக்கம் குறையுது?”

“முன் தண்டு. இடது பக்கம்.”

“என் காலு ஒருதரம் வழுக்கி இருக்குதுங்க. பெருமாள் விழுந்துட்டாரு. தெரிஞ்சிகினு கூப்புடுங்க.”

“ஒருதரம்தானே?” என்றார் அந்தப் பெரியவர். “எங்க ஆளுங்க வருஷத்துக்கு ஒருதரம் கீழே போட்டுட்டுத் தூக்கறாங்க. நீ வாப்பா.”

லீலா உள்ளேயிருந்து, “அங்க தறி போட எடம் இருக்குமாங்க?” என்று கேட்டாள். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த சண்டை. அடுத்த மாசம் சாமான் செட்டோடு நானும் வந்துடறேன் என்று அவள்தான் அவனுக்குத் துணி மடித்துக் குடுத்தாள்.

பங்குனி முதல் வாரம், நல்ல வெயிலில், காலை பத்து மணிக்குக் கிளம்பினான். ஜீப்புச் சாவியைப் பொன்னுசாமி வீட்டில் குடுத்துட்டு வந்தான். அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “ரிவர்ஸ்ல யார்றா ஓட்டுவா?” என்றாராம்.

“கமிட்டிக்கு அது பழக்கம்தானே மாமா” என்றானாம் இவன்.

படி இறங்கும்போது எதிர்வீட்டிலிருந்து ரங்கம்மாள், “எங்கப்பா பையோட?” என்றாள்.

“தெள்ளாருக்குக்கா. தோள் குடுக்க.”

எங்கள் ஊர் வாயில் தோளும் தோலும் ஒண்ணுதான். அவள் காதில் இன்னா விழுந்ததோ, மத்தியானத்துக்குள் நாலு தெருவுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது: ஜெகநாதன் ஒரு பை நிறைய மான் தோல் எடுத்துகினு விற்கப் போறான். அந்தப் பையில் ரெண்டு வேட்டி, ஒரு துண்டு, லீலா கட்டின எலுமிச்சம்பழச் சோறு. நான் தொட்டுப் பார்த்தேன்.

அவன் செருப்பு போடலை. வாசலில் விட்டுட்டே போனான், சாமி தூக்கப் போகிறவன் எங்கே செருப்பு போடுவான். நான் நடுத்தெருவில் நின்று பார்த்தேன். யாரிடமும் ஓடி ஒளியலை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நிதானமாக, அடி பார்த்துப் பார்த்து வெச்சி நடந்தான். இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி இருந்தான், மேலே ஏதோ கனம் இருக்கிற மாதிரி.